தாழம்பூ போட்ட ஓட்டு

‘பிடிக்கவில்லை’ என்று சொல்ல இப்போது ஒரு விரல் போதும். அந்த விரலுக்குப் பொறுப்பு உண்டா? அண்ணாமலையின் பின்பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சிலிருந்து தொடங்குகிறது இந்த விசாரணை.

திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் கிளம்பி, இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று கும்பிட்டுக்கொண்டே வந்தால், கெண்டைக்கால் லேசாகக் கடுக்கத் தொடங்கும் நேரத்தில் அடி அண்ணாமலை வரும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏறக்குறையப் பாதி வழி. பௌர்ணமி இரவென்றால் இங்கே நிற்க இடம் இருக்காது. நான் போனது பௌர்ணமி முடிந்து நாலைந்து நாள் கழித்து, விடிகாலையில். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. பாய்லரில் ஆவி. பெஞ்சில் உள்ளூர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், காவி கட்டிய ஒருவர்.

ஒரு பாட்டி வந்தார். டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “இன்னாடா இது, தண்ணியா கீது?” என்றார். கடைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. கிளாஸை வாங்கிக் கீழே கொட்டிவிட்டு, டிகாஷன் தூக்கலாக இன்னொன்று போட்டுக் கொடுத்தார். பாட்டி குடித்தார், காசைக் கொடுத்தார், போய்விட்டார். புகார், விசாரணை, தீர்ப்பு, பரிகாரம் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

அதன் பிறகு கடைக்காரர் தன் போனை என்னிடம் நீட்டினார். கூகுள் மேப்பில் அவர் கடை இருக்கிறது, மகன் சேர்த்துவிட்டதாம். பத்துப் பதினைந்து பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் போட்டது ஒற்றை நட்சத்திரம். கீழே ஒரு வார்த்தைகூட இல்லை.

“சக்கரை ஜாஸ்தின்னா கொறச்சிடலாம் சார். கிளாஸ் சரியா கழுவலன்னா கழுவிக்கலாம். இத இன்னான்னு எடுத்துக்கறது? யாருன்னும் தெரியல, எதுக்குன்னும் தெரியல.”

பாட்டியும் அந்த நட்சத்திரக்காரரும் சொன்னது ஒன்றுதான்: பிடிக்கவில்லை. ஒன்று டீயை மாற்றியது. மற்றது ஒரு மனிதரை விடிகாலையில் போனை வெறித்துப் பார்க்க வைத்திருக்கிறது. இணையத்தில் ஊர் கூடிப் பேசும் இடங்களில் எல்லாம் இன்று இந்த இரண்டாவது வகைதான் அதிகம். ரெடிட்டில் அது கீழ்நோக்கிய அம்பு. யூடியூபில் கவிழ்த்த கட்டைவிரல். தமிழ்ப் பதிவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் எனக்குப் பிடித்தது: மைனஸ் ஓட்டு.

பொய்ச் சாட்சி

மைனஸ் ஓட்டைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இந்த மலையின் கதையே ஒரு வாக்குவாதத்தில் தொடங்குகிறது. பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் யார் பெரியவர் என்ற சண்டை. நடுவில் நெருப்புத் தூணாக நின்ற சிவன், என் அடியையோ முடியையோ கண்டுவருகிறவர் பெரியவர் என்கிறார். பன்றியாகி மண்ணைக் குடைந்த திருமால் அடியைக் காணாமல் திரும்பிவந்து, முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அன்னமாகிப் பறந்த பிரம்மாவும் முடியைக் காணவில்லை. ஆனால், மேலிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூவைப் பிடித்து, நான் முடியைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்லச் சொல்கிறார். பூவும் சொல்லிவிடுகிறது.

தண்டனை யாருக்கு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தோற்றதற்காகத் திருமாலுக்கு ஒன்றுமில்லை. பொய் சொன்ன பிரம்மாவுக்குப் பூவுலகில் கோயில் இல்லை என்றானது. பொய்க்கு ‘ஆமாம்’ போட்ட தாழம்பூவுக்குச் சிவபூசையில் இடம் இல்லை என்றானது. இன்றைய மொழியில் சொன்னால், தாழம்பூ செய்தது ஒரு கள்ள லைக். அதற்குக் கிடைத்ததுதான் புராணத்தின் மிகப் பிரபலமான மைனஸ் ஓட்டு.

அந்தப் பிரம்மா பிறகு தன் தவறுக்கு வருந்தி லிங்கம் நிறுவி வழிபட்ட இடம்தான் அடி அண்ணாமலையார் கோயில் என்பது ஊர் வழக்கு. முடியைத் தேடிப் பறந்தவர் கடைசியில் வந்து சேர்ந்தது ‘அடி’ என்று பேர் கொண்ட ஊருக்கு.

தமிழ்மணத்து மைனஸ்

தமிழர்கள் இணையத்தில் மைனஸ் ஓட்டின் சூட்டை முதலில் உணர்ந்தது ரெடிட்டில் அல்ல. காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டியில். சென்னையிலும் சிங்கப்பூரிலும் டொரண்டோவிலும் எழுதிக்கொண்டிருந்த பதிவர்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்தது அது. பின்னாளில் ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு வாக்குப் பட்டை ஒட்டிக்கொண்டது. கட்டைவிரல் மேலே என்றால் பிளஸ். கீழே என்றால் மைனஸ். பிளஸ் சேர்ந்தால் பதிவு வாசகர் பரிந்துரையில் ஏறும். நாலு பேர் கண்ணில் படும்.

அந்தக் காலத்தில் அங்கே புழங்கியவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்லத் தேவையில்லை. “பிடித்திருந்தால் ஓட்டுப் போடுங்கள்” என்ற வரி இல்லாமல் பதிவு முடியாது. நண்பர்கள் படிக்காமலே பிளஸ் போடுவார்கள். எதிர்க்கோஷ்டி படிக்காமலே மைனஸ் போடும். அரசியல், சாதி, சினிமா ரசிகச் சண்டை எல்லாம் கட்டைவிரலில் இறங்கியது. பதிவு போட்ட அடுத்த நிமிடம் விழுந்த மைனஸைப் பார்த்து, “இன்னும் ஒருத்தரும் முழுசாகப் படித்திருக்கவே முடியாதே!” என்று இரவெல்லாம் புலம்பியவர்கள் உண்டு. யார் அந்த மைனஸ் என்று துப்பறியத் தனிப் பதிவே எழுதியவர்களும் உண்டு.

அந்தப் புலம்பலில் நியாயம் இருந்தது. ஆனால் அது பாதி நியாயம்தான். படிக்காமல் போட்ட மைனஸ் தப்பென்றால், படிக்காமல் போட்ட பிளஸும் தப்புதானே? அதைப் பற்றி யாரும் பதிவு எழுதவில்லை. தாழம்பூ எப்போதும் நம் கட்சியில் இருந்தால் மணமாகத்தான் இருக்கிறது.

எது ஒட்டிக்கொள்கிறது?

கள்ள பிளஸா, கள்ள மைனஸா, எது அதிகம் கெடுக்கும்? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். லெவ் முச்னிக், சினான் அரால், ஷான் டெய்லர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஒரு செய்தித் திரட்டித் தளத்தில் ஐந்து மாத காலம் 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டார்கள். கருத்து வந்து விழுந்த உடனேயே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு ஒரு பிளஸ், சிலவற்றுக்கு ஒரு மைனஸ் போட்டார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். முடிவு 2013-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது.

கள்ள பிளஸ் விழுந்த கருத்துக்கு, அடுத்து வந்த வாசகர் பிளஸ் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அதன் மதிப்பெண்ணும் சராசரியாக 25 சதவீதம் ஏறியிருந்தது. கள்ள மைனஸ் விழுந்தவற்றில் நடந்தது வேறு. பின்னால் வந்தவர்கள், பாவம் இதற்கு ஏன் மைனஸ் என்று பிளஸ் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். அநியாயமாகத் திட்டு வாங்கியவனைத் தூக்கிவிட ஊரில் ஆள் இருக்கிறது. அநியாயமாகப் புகழப்பட்டவனை இறக்கிவிட ஆள் இல்லை. புராணம் தாழம்பூவை ஏன் அவ்வளவு கடுமையாகத் தண்டித்தது என்பது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு விளங்கியது.

அதற்காக மைனஸ் ஓட்டு தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. 2014-ல் ஜஸ்டின் செங், கிறிஸ்டியன் டானெஸ்கு நிகுலெஸ்கு மிசில், யூரே லெஸ்கோவெச் மூவரும் நான்கு தளங்களின் கருத்துப் பகுதிகளை ஆராய்ந்தார்கள். மைனஸ் வாங்கியவர் திருந்துவாரா என்பது கேள்வி. திருந்தவில்லை. முன்பைவிட அடிக்கடி எழுதினார். முன்பைவிட மோசமாக எழுதினார். மற்றவர்களுக்கும் மைனஸ் போட ஆரம்பித்தார். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் அதே கதை. இடத்தை விட்டுக் கிளம்பிப் போனவர்கள் யாரென்றால், பிளஸும் வாங்காமல் மைனஸும் வாங்காமல், சீந்துவாரின்றிக் கிடந்தவர்கள்.

பொத்தானை எடுத்துவிட்டால்?

பிரச்சினைதான் என்றால் மைனஸ் பொத்தானையே தூக்கிவிடலாமே என்று தோன்றும். ஃபேஸ்புக் அந்த வழியில்தான் போனது. 2009-ல் லைக் வந்தது. டிஸ்லைக் வரவே இல்லை. 2016-ல் கோபம், அழுகை, சிரிப்பு என்று முகங்கள் வந்தன. 2017-லிருந்து சில காலம் அந்த முகங்களுக்கு லைக்கைப்போல ஐந்து மடங்கு எடை கொடுத்து, எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று முடிவு செய்தது அந்த நிறுவனம். கோப முகமும் அதில் சேர்த்தி. நீங்கள் வயிறெரிந்து ஒரு கோப முகத்தைப் போட்டால், அந்தப் பதிவு இன்னும் நாலு வீட்டுக்கு நடந்து போகும். பொய் என்று பின்னூட்டத்தில் எழுதினாலும் அதே கதைதான். ‘இல்லை’ என்று சொல்ல வழி இல்லாத ஊரில் ‘இல்லை’யும் ‘ஆமாம்’ கணக்கில் வரவு வைக்கப்படும்.

யூடியூப் வேறொரு வழி பார்த்தது. 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைத்தது. விரலைக் கவிழ்க்கலாம், கணக்கு வீடியோ போட்டவருக்கு மட்டும் தெரியும். கூட்டம் சேர்ந்து சிறிய ஆட்களைக் குறிவைத்து டிஸ்லைக் அடிக்கிறது என்பது நிறுவனம் சொன்ன காரணம். கூட்டம் சேர்ந்து அடிப்பது பொய்யில்லை; பெரிய ஆட்களும் தப்பவில்லை. 2020 ஆகஸ்ட்டில் ‘சடக் 2’ இந்திப் படத்தின் டிரெய்லருக்கு ஒரு கோடிக்கு மேல் டிஸ்லைக் விழுந்தது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்த பின் இந்தித் திரையுலகின் வாரிசு ஆதிக்கத்தின் மீது எழுந்த கோபம் அது. டிரெய்லர் எப்படி இருந்தது என்பது அந்தக் கோடியில் எத்தனை பேருக்குக் கவலை?

ஆனால் மறைத்ததில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. மோட்டார் பம்பு ரிப்பேர் செய்வது எப்படி என்று வீடியோ தேடுகிற விவசாயிக்கு, முன்பெல்லாம் டிஸ்லைக் கணக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை. பத்தில் ஆறு பேர் விரலைக் கவிழ்த்திருந்தால் அவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். இப்போது ஒயரைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் தெரியும். யூடியூபில் முதல் வீடியோவை 2005-ல் ஏற்றிய அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவெத் கரீமே, அந்த வீடியோவின் குறிப்பை மாற்றி எழுதி இந்த முடிவைக் கண்டித்தார்.

நாம் போட்ட நிஜ மைனஸ்

இணையத்துக்கு வெளியே நம் நாட்டில் ஒரு பெரிய மைனஸ் பொத்தான் இருக்கிறது. ஓட்டு இயந்திரத்தின் கடைசி வரிசையில், ‘நோட்டா’ என்ற பேரில்.

அதற்கு முன்னால் இருந்தது 49 ஓ. 1961-ம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள ஒரு பிரிவு. யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் குறிப்பு எழுதவைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். எதிரே எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தாளர் ஞாநி இதைத் தமிழ் வாசகர்களிடம் விடாமல் எடுத்துச் சொன்னார். ஆனாலும் ஊர்ப் பெரிய மனிதர் முறைத்துக்கொண்டிருக்க, நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண் எழுந்து நின்று “எனக்கு எவரும் வேண்டாம்” என்று சொல்வது லேசா? அந்த மறுப்புக்கு விலை மிக அதிகம். அதனால் வாங்க ஆளில்லை.

மனித உரிமை அமைப்பான பி.யு.சி.எல். தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பர் 27 அன்று, தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு நோட்டாவுக்கு உத்தரவிட்டது. மறுப்பும் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் 46,559 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். நாட்டிலேயே அதுதான் அப்போது அதிகம். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நோட்டா 2,373 ஓட்டு வாங்கி, 1,417 வாங்கிய பாஜகவை முந்தியது. 2024-ல் இந்தூரில் 2,18,674.

இவ்வளவு விழுந்தும் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர். முன்பு விலை அதிகம் என்பதால் வாங்க ஆளில்லை. இப்போது விலையும் இல்லை, பலனும் இல்லை. ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையம் 2018-ல் உள்ளாட்சித் தேர்தலில் இதற்குப் பல் வைத்தது: நோட்டா முந்தினால் மறுதேர்தல், அதற்குக் கீழே போன வேட்பாளர்கள் மறுபடி நிற்க முடியாது.

*பெட்டிச் செய்தி: மைனஸ் இல்லாத ஊரில்…*

*1996 சட்டமன்றத் தேர்தல். ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி. கோரிக்கைகளைக் கண்டுகொள்ளாத அரசின் மீது விவசாயிகளுக்குக் கோபம். மறுப்பைப் பதிவு செய்ய வழி தெரியாமல் அவர்களே வேட்புமனு போட்டுத் தள்ளினார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமானது, தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனது. 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை; அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. மைனஸ் பொத்தான் இல்லையென்றால் மக்கள் பிளஸ் பொத்தானையே அடைத்துவிடுவார்கள். அரசாங்கம் அதற்கும் கட்டணத்தை ஏற்றிவிடும்.*

கையிலிருந்து ஒரு புள்ளி

மறுப்புக்கு விலை கூடினாலும் ஆகவில்லை, விலையே இல்லாமல் போனாலும் ஆகவில்லை. அப்படியானால் சரியான விலை என்ன?

கணினி நிரல் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ தளம் 2008-ல் வந்தது. அங்கே புதிதாக வந்தவர் மைனஸ் போட முடியாது. மற்றவர்களுக்கு உபயோகமாக எழுதி 125 புள்ளி சேர்த்த பிறகுதான் அந்த உரிமை கிடைக்கும். அப்போதும் ஒருவரின் பதிலுக்கு மைனஸ் போட்டால் எழுதியவருக்கு 2 புள்ளி போகும். போட்டவர் கையிலிருந்தும் 1 புள்ளி போகும். ஒரே ஒரு புள்ளிதான். ஆனாலும் விரலை வைக்கும் முன் ஒரு நொடி, இது நிஜமாகவே தப்பான பதில்தானா என்று யோசிக்க வைக்கும். பாட்டிக்கு இருந்த செலவும் அவ்வளவுதான்: முகத்தைக் காட்டிச் சொன்னார்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்திலேயே இதை இன்னொரு விதமாக யோசித்திருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகத்தான் எல்லோரும் புகழ்கிறோம். 30 குடும்பு, ஓலை நறுக்கு, குடம், விவரமறியாத ஒரு சிறுவன் எடுத்துப் போடும் சீட்டு. ஆனால், அந்தக் கல்லில் எனக்குச் சுவையாகப் படுவது குடத்துக்கு முன்னால் நடந்த கழிவு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. பதவியில் இருக்கும்போது குற்றம் தெரிந்தால் உடனே நீக்கலாம். முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. நில உடைமையும் வேதப் படிப்பும் கேட்ட அந்தச் சபையில் ஊரின் பெரும்பகுதி மக்களுக்கு இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், தள்ளியதற்கு அவர்கள் கல்லில் எழுதிவைத்த காரணங்களில் கணக்கு இருக்கிறது, களவு இருக்கிறது. ‘ஆளைப் பிடிக்கவில்லை’ என்ற காரணம் இல்லை.

இன்றைக்கு அதன் வாரிசு கிராம சபை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். 3,001 முதல் 10,000 பேர் உள்ள ஊராட்சி என்றால் 200 பேர் வந்தால்தான் செல்லும். பல ஊர்களில் கையெழுத்து நோட்டு மட்டும் வீடு வீடாகப் போய்வரும் என்பது ரகசியமல்ல. அதுவும் தாழம்பூ வேலைதான். ஆனால், நிஜமாகக் கூடினால் அங்கே விழும் ‘வேண்டாம்’ வேறு தரத்தில் இருக்கிறது. 2017-ல் நெடுவாசலில் வெடித்த போராட்டத்துக்குப் பிறகு, ஹைட்ரோகார்பன் திட்டம் வேண்டாம் என்று டெல்டாவின் பல ஊர்க் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. எதை வேண்டாம் என்கிறோம், ஏன் என்கிறோம் என்று எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்திட்ட மைனஸ். 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

திரும்பி வரும் வழி

தாழம்பூ கதையில் பலருக்குத் தெரியாத பின்பகுதி ஒன்று உண்டு. எல்லாச் சிவன் கோயில்களும் தள்ளிவைத்த அந்தப் பூவை, ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் உத்தரகோசமங்கையில் சிவனுக்குச் சூட்டுகிறார்கள். பிரம்மாவும் தாழம்பூவும் அங்கே மன்னிக்கப்பட்டதாகத் தலபுராணம். மாணிக்கவாசகருக்கு மிகப் பிடித்த ஊர் அது. என்னைக் கைவிட்டுவிடாதே என்று 50 பாட்டில் கெஞ்சும் ‘நீத்தல் விண்ணப்பம்’ அங்கே பாடியதாகச் சொல்வார்கள். அதே மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லும் இடம் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலேயே அவருக்குக் கோயில் இருக்கிறது. தண்டனை கிடைத்த மலைக்கும் மன்னிப்புக் கிடைத்த ஊருக்கும் நடுவே ஒரே கவிஞர் நடந்திருக்கிறார்.

இணையம் இந்தப் பின்பகுதியைத்தான் இன்னும் கற்கவில்லை. ரெடிட்டில் 2017-ல் ஒரு வீடியோ கேம் நிறுவனம் எழுதிய ஒரே ஒரு பதிலுக்கு ஆறரை லட்சத்துக்கு மேல் மைனஸ் விழுந்தது. அந்த விளையாட்டில் காசு பிடுங்கும் முறையை நிறுவனம் பின்னர் மாற்றிக்கொண்டது. ஆனாலும் அந்த மைனஸ் அங்கேயே நிற்கிறது. ஒரு நிறுவனத்துக்கு அது பரவாயில்லை. ஏதோ ஒரு நாள் ஏதோ உளறிய பதினாறு வயசுப் பையனுக்கு?

விடைபெறும்போது டீக்கடைக்காரரிடம், அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே பதில் எழுதும் வசதி இருக்கிறது, எழுதுங்களேன் என்றேன். என்ன எழுதுவது என்றார். யோசித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

“இன்னா கொறைன்னு சொன்னா சரி பண்ணிக்கறோம். அடுத்த வாட்டி வந்தா டீ நம்ம கணக்கு.”

பொத்தானை அழுத்தியதும் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.